ஐ.நா.வின் 1325ஆம் தீர்மானமும் நம் வடகடலும்: கிராம சபையில் என்ன எழுதிக் கேட்பது?

கேள்வி: தங்கச்சிமடம் செல்வி

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடம், பாம்பன் ஊராட்சிகளிலுள்ள மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து வருகிறேன். பெண்கள், அமைதி, பாதுகாப்பு என்ற பொருளில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தைப் பற்றி எங்கள் பெண்கள் சிலர் ஒரு பயிலரங்கில் கேட்டுவிட்டு வந்தார்கள். பேச்சுவார்த்தைகளில் பெண்களுக்கு இடம் வேண்டும், மோதல் மூளாமல் தடுக்கும் முயற்சியில் அவர்கள் சொல்வது கேட்கப்பட வேண்டும், வன்முறையிலிருந்து பாதுகாப்பு வேண்டும், நிவாரணத்திலும் மறுவாழ்விலும் அவர்களுடைய தேவை கணக்கில் வர வேண்டும் என்று அதில் இருப்பதைக் கேட்டவுடன் "இது நம் வடகடலைப் பற்றித்தானே" என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வருகிற கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவாகி, வரைவு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடை வருகிறது. இந்தியா இந்தத் தீர்மானத்துக்கெனத் தேசியச் செயல்திட்டம் எதையும் வகுக்கவில்லை. நாங்கள் வடகடல் என்று சொல்லும் பாக் நீரிணையைப் போர் நடக்கும் பகுதி என்றும் யாரும் சொல்வதில்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்தால், கூடச் சென்ற படகுகள் வழியாகச் செய்தி கரைக்கு வருகிறது. அது படகு உரிமையாளருக்குப் போகிறது, சங்கத்துக்குப் போகிறது, மீன்வளத் துறைக்குப் போகிறது, தொலைக்காட்சிக்கும் போய்விடுகிறது. கூலிக்குப் போனவரின் மனைவியோ திரையின் அடியில் ஓடும் வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். அதன் பிறகு ஆதார் நகலையும் குடும்ப அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு அலைவதும், காவல் நீட்டிப்புத் தேதிகளை எண்ணிக்கொண்டிருப்பதும், படகுக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பதில் சொல்வதும் அவளேதான். இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் 2014ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் அமர்ந்து பேசியபோது, யாரை அனுப்புவது என்ற பேச்சு படகுச் சங்கங்களோடு நின்றுவிட்டது. படகு மனைவி பெயரில் பதிவாகியிருக்கும் வீடுகளிலும் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர் கணவரே.

இந்த நிலையில் 1325ஐக் கிராம சபைத் தீர்மானத்தில் மேற்கோள் காட்டுவதால் ஏதேனும் பயன் உண்டா? மாவட்ட அளவில் யாரிடம் எதைக் கேட்டால் அது நடைமுறைக்கு வரும்? சட்டமும் கடலும் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வழக்கறிஞர், ராமநாதபுரம்

செல்வி அம்மா, 1325ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் உரிமை கோர முடியாது. அது நாடுகளையும் ஐ.நா. அமைப்புகளையும் நோக்கிப் பேசுகிற ஆவணம். நடைமுறைப்படுத்தும் பொறுப்பை அந்தந்த அரசே ஏற்க வேண்டும். டென்மார்க் 2005ஆம் ஆண்டிலேயே தேசியச் செயல்திட்டம் வகுத்தது. நம் பக்கத்து நாடுகளில் நேபாளம் 2011ஆம் ஆண்டிலும் வங்கதேசம் 2019ஆம் ஆண்டிலும் வகுத்தன. இலங்கையிலும் 2023 முதல் 2027 வரைக்கான செயல்திட்டம் இருக்கிறது. ஐ.நா. அமைதிப் பணிக்கு முழுக்க முழுக்கப் பெண் காவலர்களைக் கொண்ட அணியை 2007ஆம் ஆண்டில் லைபீரியாவுக்கு முதன்முதலாக அனுப்பி வைத்த நாடு இந்தியா என்பதையும், தன் கரைக்கென்று ஒரு செயல்திட்டம் இல்லாத நாடும் இந்தியாவே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் அரசு இதை வெளியே அனுப்பும் சரக்காகவே வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வேறொரு கதவு திறந்திருக்கிறது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டின் உடன்படிக்கையை இந்தியா 1993 ஜூலையில் ஏற்று உறுதிசெய்தது. அந்த உடன்படிக்கைக்கான குழு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட 30ஆவது பொதுப் பரிந்துரை, மோதலைத் தடுத்தல், மோதல் காலம், மோதலுக்குப் பிந்தைய காலம் ஆகிய மூன்றிலும் பெண்களின் நிலையைப் பேசுகிறது. போர் என்று சட்டப்படி வகைப்படுத்தப்படாத சூழல்களையும், அகதிகளின் நிலையையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களை எவ்வாறு செயல்படுத்தினோம் என்பதை நாடுகள் இந்த உடன்படிக்கையின் கீழ் அளிக்கும் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்றும் அது கேட்கிறது. ஆகவே "இங்கே போர் இல்லை" என்ற பதில் 1325க்கு எதிராகச் செல்லக்கூடும். இந்தப் பரிந்துரையின் முன் அது அவ்வளவு எளிதாகச் செல்லாது.

பொதுப் பரிந்துரை எதுவும் இந்திய நீதிமன்றத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. எனினும் விசாகா வழக்கை நினைத்துப் பாருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்நாட்டுச் சட்டமே இல்லாதிருந்த 1997ஆம் ஆண்டில், உச்ச நீதிமன்றம் இதே உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்துக்கொண்டு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தின்படி இன்று மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். மீன் ஏலக் கூடத்திலும் கருவாட்டுத் தளத்திலும் இறால் நிறுவனத்திலும் வேலை செய்யும் பெண் புகார் கொடுக்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. உங்கள் வரைவில் பாதுகாப்பு பற்றிய பகுதி இந்தக் குழுவிலிருந்தே தொடங்கலாம். குழுவின் தலைவர் யார், கடலோர ஊர்களில் அது எத்தனை முறை கூடியது என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: நாட்டுப்படகுக்காரன், பாம்பன்

வக்கீல் ஐயா சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தீர்மானத்தில் 1325 என்ற எண்ணைப் போட்டவுடன் அதிகாரிகள் "இது வெளியுறவுத் துறை விவகாரம்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள் என்பது என் கருத்து. அதைவிட, எண் எதுவும் போடாமல், பெண்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதுவது நல்லது.

சகோதரி செல்விக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் எப்போது பேச்சு வந்தாலும் கடற்படை பிடிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். விசைப்படகின் இழுவைமடி, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை, எதிர்க்கரையில் என்ன செய்கிறது என்பதைப் பேசுவதில்லை. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த பிறகு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மறுபடி கடலுக்கு வந்தவர்கள் சின்னப் படகுக்காரர்கள். அவர்கள் இரவில் விரித்து வைத்த வலையை இழுவைமடி அறுத்துக்கொண்டு போனால், அந்த வலைக்குக் கடன் வாங்கிய வீடு அழுகிறது. கணவனைப் போரில் பறிகொடுத்துத் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் அந்தக் கரையில் ஏராளம்; நண்டும் மீனும் கரையில் வாங்கி விற்றுப் பிழைக்கிறவர்களும் அவர்களில் உண்டு. இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்ததற்கு அந்தக் கரை மீனவர்களின் நெடுநாள் கோரிக்கையும் ஒரு காரணம். நம் பக்கத்தில் 2010ஆம் ஆண்டு சென்னைச் சந்திப்பிலேயே ஓராண்டில் இழுவைமடியை விட்டுவிடுவதாகப் பேசினார்கள். ஆழ்கடல் படகுக்கு மாறுவதற்கு 2017ஆம் ஆண்டில் மானியத் திட்டமும் வந்தது. வடகடலில் மடி இன்னும் ஓடுகிறது. நாட்டுப்படகுக்காரர்களான எங்கள் வலையும் அதில்தான் அறுகிறது.

பெண்களை மேசைக்குக் கூப்பிட்டு, சங்கம் எழுதிக் கொடுத்ததையே அவர்களும் வாசித்தால், அதற்கு ஐ.நா. எதற்கு?

பதில்: மண்டபம் முகாம்

நாட்டுப்படகு அண்ணா எழுதியதை வாசித்தபோது, இக்கரையில் இருந்து ஒருவர் இதைச் சொல்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது. என் சித்தி மன்னாரில் பேசாலையில் இருக்கிறார். அவர் வீட்டுக் கதையும் இதுதான். விரிவாக எழுத விரும்பவில்லை.

நான் சொல்ல வருவது முகாமைப் பற்றி. 1325இல் நிவாரணம், மறுவாழ்வு என்ற பகுதி எங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றி, வீடு கட்டும் திட்டத்தையும் உதவித்தொகை உயர்வையும் அறிவித்தது. அதற்கு நன்றியுள்ளவர்களாகவே இருக்கிறோம். ஆனால் குடும்பத் தலைவர் என்று பதிவேட்டில் இருப்பவர் பெரும்பாலும் ஆண். அவர் குடித்தழித்தாலும், வேறு ஊருக்குப் போய்விட்டாலும், பெயரை மாற்றுவதற்கு ஒரு பெண் எத்தனை மேசைகளுக்கு முன் நிற்க வேண்டியிருக்கிறது என்பது நிற்பவருக்கே தெரியும். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண் காவல் நிலையம் போகத் தயங்குவதற்கு எல்லா ஊரிலும் இருக்கும் காரணங்கள் இங்கும் உண்டு. அத்துடன், முகாமின் பெயர் கெட்டுவிடும், கணவனின் பதிவில் சிக்கல் வந்துவிடும், அதனால் பிள்ளைகளின் படிப்பு போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமானது என்று எங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது சரிதானா என்பதை வழக்கறிஞர் ஐயா தெளிவுபடுத்தினால் நல்லது.

2022 மார்ச்சில் இலங்கையில் பொருளாதாரம் குலைந்தபோது தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்களில் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் இருந்தார்கள். பணம் வாங்கிய படகோட்டி கரை வரைக்கும் வராமல் திட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவான்; தண்ணீரும் நிழலும் இல்லாத இடம் அது. அவர்களை மீட்டுக் கொண்டுவந்து, விசாரணை முடித்து, எங்கள் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த விசாரணையின் போது பெண் அதிகாரி ஒருவர் உடனிருப்பது, குழந்தைக்குப் பாலும் தாய்க்கு மாற்றுத் துணியும் விசாரணைக்கு முன்பே கிடைப்பது, மாதவிடாய்த் துணி கேட்க ஆணிடம் போக வேண்டியிராதது ஆகிய மூன்றும் எழுத்தில் விதியாக இருந்தால் போதும். அன்று பணியில் இருந்தவர் இரக்கமுள்ளவராக இருந்தால் கிடைக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

திரும்பிப் போவதைப் பற்றியும் ஒரு வரி. இலங்கையின் செயல்திட்டத்தில் எங்கள் பெயர் எங்கே வருகிறது என்று அங்குள்ள அரசிடமும் கேட்க வேண்டும். நாங்கள் அந்த நாட்டுப் பெண்கள்தாமே.

பதில்: வழக்கறிஞர், ராமநாதபுரம்

தங்கையின் கேள்விக்கு முதலில் பதில். குடும்ப வன்முறைச் சட்டத்தில் "பாதிக்கப்பட்ட நபர்" என்பதற்குள்ள விளக்கம் குடியுரிமையைப் பற்றிப் பேசவில்லை. எதிராளியோடு குடும்ப உறவில் இருக்கும் அல்லது இருந்த எந்தப் பெண்ணும் அதற்குள் வருவார். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் முகாமில் இருக்கும் பெண்ணும் நேரே போகலாம்; முகாம் அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை. இதைத் தெரியப்படுத்தும் ஒரு பலகையை முகாமுக்குள் வைப்பதே ஒரு கோரிக்கையாகலாம்.

பாம்பன் நண்பரின் எச்சரிக்கையில் பாதியை ஏற்கிறேன். எண்ணை முதல் வரியில் போட வேண்டாம். ஆனால் அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். 1325ஆம் தீர்மானத்தின் பதினைந்து ஆண்டுகளை மதிப்பிட்ட உலகளாவிய ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளியானது. அதற்குத் தலைமை தாங்கியவர் ராதிகா குமாரசுவாமி, இலங்கைத் தமிழ் வழக்கறிஞர், பெண்கள் மீதான வன்முறை குறித்த ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளர். தலைநகரங்களில் எழுதிய திட்டம் உள்ளூர்ப் பெண்களின் நிலையறிந்து செயல்படாவிட்டால் அது நிற்காது என்பது அந்த ஆய்வு வலியுறுத்தியவற்றில் ஒன்று. நேபாளம் தன் முதல் செயல்திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்ததும் இந்த எண்ணத்தோடுதான். நமக்குச் செயல்திட்டமே இல்லாததால் மாவட்டத்திலிருந்து மேலே தள்ளுவது ஒன்றே வழி. 1325 என்பதைத் தீர்மானத்தின் இறுதிப் பத்தியில், உடன்படிக்கையோடு சேர்த்துக் காரணமாகக் காட்டுங்கள்.

பதில்: சின்னப்பாலம்

நாங்கள் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், பாசி எடுக்கிறவர்கள். எங்களுக்கு எல்லைக் கடற்படை பிரச்சினை இல்லை. 1986ஆம் ஆண்டில் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு எங்களைத் தடுப்பது வனத்துறை. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பாறையில் கிடப்பவை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் பறிக்கிறோம். சோதனை என்று வரும் படகில் பெண் காவலர் இருந்து நான் பார்த்ததில்லை. நனைந்த துணியோடு நிற்கிற எங்களிடம் பையைத் திற என்று சொல்கிறவர்கள் ஆண்கள். உங்கள் தீர்மானத்தில் வடகடல் மட்டும் இருந்தால் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்.

கேட்டவர்: தங்கச்சிமடம் செல்வி

அனைவருக்கும் நன்றி. சின்னப்பாலத்து அக்கா சொன்னதைக் கட்டாயம் சேர்க்கிறேன். இந்தப் பதில்களை வைத்து வரைவைச் சுருக்கியிருக்கிறேன். கைது நடந்தால் படகு உரிமையாளரிடம் சொல்லும் அதே வேளையில், கடலுக்குப் போகும்போது மீன்வளத் துறை டோக்கனில் பெயருள்ள ஒவ்வொருவரின் வீட்டுப் பெண்ணுக்கும் கைப்பேசியில் செய்தி அனுப்ப வேண்டும். அதற்காக டோக்கன் பதிவிலேயே அந்த எண்ணை எழுதி வாங்க வேண்டும். குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகை மனைவி அல்லது தாயின் வங்கிக் கணக்கில் நேரே வரவு வைக்கப்பட வேண்டும். மாதந்தோறும் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முகாம் பெண்களுக்கும் நிலையான இருக்கை ஒதுக்கப்பட வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் வனத்துறையும் சோதனை செய்யும்போது பெண் அலுவலர் உடனிருக்க வேண்டும்.

இன்னும் தயக்கம் இருப்பது பேச்சுவார்த்தை பற்றிய வரியில்தான். நாட்டுப்படகு அண்ணன் சொன்னதை எங்கள் கூட்டத்தில் வாசித்தேன். பெரும் சத்தம் எழுந்தது. எங்கள் பெண்களில் பாதிப்பேரின் வீட்டுச் சோறு விசைப்படகுக் கூலியில் வருகிறது. "மடியை நிறுத்து என்று நாமே எழுதிக் கொடுப்பதா?" என்று ஒருவர் எழுந்துவிட்டார். கடைசியில், எதிர்க்கரைப் பெண்களைச் சந்தித்துப் பேச வழி செய்யுங்கள் என்று கேட்பதற்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையினரும் கூடுகிறார்களே, அங்கேயே இதைத் தொடங்க முடியுமா?

பதில்: நாட்டுப்படகுக்காரன், பாம்பன்

அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டதே பெரிது. ஆனால் திருவிழாவை நம்பாதீர்கள். இரண்டு நாள் கூட்டத்தில் சிலுவைப்பாதைக்கும் திருப்பலிக்கும் இடையில் சோப்பும் தேங்காய் எண்ணெயும் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. கடற்படைக்காரர்கள் சுற்றி நிற்க வலை அறுந்த கணக்கைப் பேச முடியாது. மேலும் 2024ஆம் ஆண்டில் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை கொடுத்தார்கள் என்று ராமேஸ்வரத்தினர் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அப்படி ஓர் ஆண்டு வந்தால் உங்கள் சந்திப்பும் அதோடு போய்விடும். இரு நாட்டு மீன்பிடிக் கூட்டுப் பணிக்குழு 2016ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அந்தக் குழு கூடும்போது பெண்களுக்குத் தனி அமர்வு ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். பேசுகிற பொருளில் வலைச் சேதமும் கைதும் இரண்டும் இருக்கட்டும். எதையும் நிறுத்து என்று இப்போதே எழுத வேண்டியதில்லை.

பதில்: மண்டபம் முகாம்

செல்வி அக்கா, அந்த அமர்வுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது என்பதையும் கோரிக்கையில் எழுதுங்கள். செலவைக் காரணம் காட்டி மறுக்கிறவர்களுக்கு அது ஒரு பதில்.

பதில்: வழக்கறிஞர், ராமநாதபுரம்

கூட்டுப் பணிக்குழு ஒன்றிய அரசின் வசம் இருப்பது. ஆகவே அந்த ஒரு கோரிக்கையைத் தனித் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில மீன்வளத் துறைக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் அனுப்புமாறு எழுதுங்கள். மற்ற நான்கும் மாவட்டத்திலேயே முடியக்கூடியவை. அவற்றோடு இதைக் கலந்தால், டெல்லியின் பதில் வரவில்லை என்று சொல்லி ஐந்தையும் நிறுத்தி வைப்பார்கள்.

இன்னொன்று நடைமுறை சார்ந்தது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனபோது, பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் வென்று வந்தவர்களும் வெளியேறிவிட்டார்கள். கூட்டத்தை நடத்துபவர் யாராக இருந்தாலும், உங்கள் தீர்மானங்களைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முழுவதுமாக வாசிக்கச் செய்யுங்கள். "மகளிர் நலன் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதிவேட்டில் ஏற்ற இடம் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை உங்களில் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனு கொடுத்துவிடுங்கள். பாம்பன் ஊராட்சியிலும் இதே வாசகம் தனியாக நிறைவேற வேண்டும். ராமேஸ்வரம் நகராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபையில்தான் வைக்க வேண்டும்.